கொடி நடுங்கியதா?

வெகு காலத்துக்கு முன்பு, கடலோர நாடொன்றை ஓர் அரசன் ஆண்டான். ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பினான். "தங்கள் கோட்டைக் கொடி அண்டுலேட் செய்வதைக் கண்டு மகிழ்ந்தோம்" என்றது கடிதம்.

அந்த அவையில் ஒரு கேடுகெட்ட வழக்கம். வேற்றுமொழிச் சொல் எது வந்தாலும் தலைமைப் புலவர் திருமலைநம்பிதான் பொருள் சொல்வார். தெரியாது என்று சொன்னால் குடுமி உதிர்ந்துவிடுமோ என்னவோ, அந்த மனுஷர் ஒருநாளும் சொன்னதில்லை!

"கொடி நடுங்குகிறதாம், பிரபு. வெள்ளையன் தங்களைக் கோழை என்கிறான்" என்றார்.

மொழிபெயர்ப்பாளன் சவரிராயன் பதறினான். "இல்லை பிரபு! அலைபோல ஏறி இறங்கி நெளிவதுதான் அண்டுலேட். லத்தீன் மொழியில் 'உண்டா' என்றால் அலை. அதிலிருந்து பிறந்த சொல் இது."

"சோறு உண்டா என்கிறானா?" என்றார் புலவர். அவையே சிரித்தது. பாவி மனுஷன், சவரிராயன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தவர்!

அரசன் சீறினான். "அந்தப் பொருளையும் அது பிறந்த இடத்தையும் மாலைக்குள் என் கண்ணில் காட்டு. தவறினால் உன் நாக்கை அறுப்பேன்."

அவை விகடகவி வேம்பன் முன்னே வந்தான். "நான் காட்டுகிறேன் பிரபு. புலவரும் வரட்டும்" என்றான்.

எல்லோரையும் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோனான். அலை வந்தது. படகு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. திருமலைநம்பி கண்ணை மூடி, பலகையை இறுகப் பிடித்து, பல் கிட்டிக்க நடுங்கினார்.

"ஐயோ, கரைக்குத் திருப்புடா!"

வேம்பன் கைகூப்பினான். "பிரபு, சொல் பிறந்த இடம் கேட்டீர்கள். இதோ, அலை. படகு செய்வது அண்டுலேட். புலவர் செய்வது நடுக்கம். தங்கள் கொடி எதைச் செய்கிறது?"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

வேம்பன் வாங்கவில்லை. "சிரிக்கிறீர்களே பிரபு! பொருள் தெரியாமலே ஒருவன் நாக்கை அறுக்கப் பார்த்தீர்களே, அது நியாயமா?"

சிரிப்பு நின்றது. அரசன் ஆடும் படகில் தட்டுத்தடுமாறி எழுந்து, சவரிராயனிடம் போய், அவன் கழுத்தில் மாலையைப் போட்டான்.

"மன்னித்துக்கொள்ளப்பா" என்றான்.