கழுத்துக்கு நாலு விரல்

மலையடிவாரத்து மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய சீடர் தெய்வநாயகத்துக்கு அறுபத்தொன்று. அரிசி ஆலையில் முப்பது வருஷம் தரம் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர். ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்த்தே அது எந்த நெல், அறுத்து எத்தனை மாசம் என்று சொல்லிவிடுவார். குரு அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா, கேலியா என்று தெய்வநாயகத்துக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாசி மாதக் குருபூசை அன்று விடிந்ததும் அவர் குருவிடம் வந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மூணு வருஷமா தினம் ஆயிரத்தெட்டு நாமம் சொல்றேன். இருபது நாள் ஒழுங்காப் போகும். அப்புறம் ஒரு காய்ச்சல் வரும், விட்டுப்போயிரும். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். வீட்டுல இருந்து ஒரு கடிதாசி வரும், மனசு கெட்டுப்போகும், விட்டுப்போயிரும். ஒரு நாள்கூட அறுந்துபோகாத பக்தின்னு ஒண்ணு நிஜமாவே உண்டா? இல்ல, புஸ்தகத்துல மட்டும்தானா?"

குரு முற்றத்தைப் பார்த்தார். பெண்கள் தலையில் பானைகளோடு வரத் தொடங்கியிருந்தார்கள்.

"பானையெல்லாம் வாங்கி வச்சிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

அந்த மடத்தில் ஒரு பழக்கம் உண்டு. குருபூசை அன்று வீட்டுக்கு ஒரு மண்பானை கொடுப்பார்கள். முதல் பிடியாக குரு தன் கையால் அதில் மஞ்சள் அரிசி போடுவார். அதன் பிறகு தினமும் உலை வைக்கும் முன்னால், வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட வேண்டும். அடுத்த குருபூசைக்குப் பானை மடத்துக்குத் திரும்பி வரும். ஊர் அரிசியெல்லாம் சேர்ந்து முதல் உலையில் விழும்போது பெண்கள் குலவை போடுவார்கள்.

இந்த வருஷம் பானைகளை வாங்கி வைக்கும் பொறுப்பு தெய்வநாயகத்துக்கு. அவர் யாரையும் கேட்காமல் தாமாக ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டார். கழுத்து வரை நிறைந்து, ஒரே தரமாக இருக்கும் அரிசிதான் முதல் உலைக்கு. மற்றதெல்லாம் கிடங்குக்கு. முப்பது வருஷப் பழக்கம் காவி கட்டிய மூன்று வருஷத்தில் போய்விடுமா என்ன.

வெயில் ஏறும் நேரத்தில் உலகம்மாள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பிள்ளைகளின் தாய். அவள் புருஷன் வெயிலுமுத்து தென்னை ஏறுகிறவன். போன சித்திரைக் கடைசியில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவன். இனி எழுந்து நடக்க மாட்டான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய கதை ஊருக்கே தெரியும். தெய்வநாயகம் வெளியூர்க்காரர். அவருக்குத் தெரியாது.

அவர் பானைக்குள் கையை விட்டு அளந்தார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"கழுத்துக்கு நாலு விரல் குறையுதேம்மா."

"ஆமாய்யா."

"அரிசியும் ஒரே அரிசி இல்ல. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நொய்யெல்லாம் கிடக்கு. இதை முதல் உலையில போட்டா ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது. கிடங்குல வச்சிருங்க."

உலகம்மாள் நகரவில்லை.

"அய்யா, அவுக எந்திரிச்சு நடக்கணும், தன் கண்ணால இந்தப் பானை முதல் உலையில விழுறதைப் பார்க்கணும்னு நேர்ந்திருக்கேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்துக்கிட்டிருக்காக. மெதுவாத்தான் வருவாக. அவுக வந்து சேரும்போது பானை கிடங்குல இருந்தா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா. உங்களுக்கு மட்டும் மாத்த முடியுமா?"

அவள் வாதாடவில்லை. பானையைத் தலையில் ஏற்றவும் இல்லை. அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் வாசலைப் பார்த்தது.

குரு எழுந்து வந்தார். கையில் ஒரு பனையோலைப் பாயும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் இருந்தன. பாயை விரித்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் உக்காருங்க. உங்களுக்குத்தான் அரிசி தெரியுமே. நான் அள்ளி வைக்கிறேன். அது என்னன்னு நீங்க சொல்லுங்க. எப்பன்னு இந்தம்மா சொல்லட்டும்."

முதல் சிரட்டை பாயில் விழுந்தது.

"புது அரிசி. கைக்குத்தல். அறுத்து ஒரு மாசம்கூட இருக்காது," என்றார் தெய்வநாயகம்.

"தை அறுப்பு சாமி. கூலிக்கு நெல்லா வாங்கி நானே குத்துனேன். அவுக கம்பை ஊனி அடுப்படி வரைக்கும் நடந்தது அந்த மாசம்தான்."

குரு இன்னும் கீழே அள்ளி, தனியாக ஒரு குவியல் வைத்தார்.

"ரேஷன் புழுங்கல்."

"கார்த்திகை, மார்கழி. கதவு நிலையைப் பிடிச்சு நிக்க வச்சேன். எண்ணி பத்து நிமிஷம் நிப்பாக. நான் பக்கத்துலயே உக்காந்து மாவாட்டுவேன்."

"இது நொய்."

"ஐப்பசி மழை. வயல் வேலை ஒண்ணும் இல்ல. நொய்தான் கட்டுப்படியாச்சு. எந்திரிச்சு உக்காந்தது அப்பதான்."

"கம்பு."

"ஆனியில இருந்து புரட்டாசி வரைக்கும். எங்க அண்ணன் குடுத்துவிட்டான். அவுக படுத்த படுக்கை. ரெண்டு வேளையும் காலை நீவி விடுவேன். உணர்ச்சி இருக்கான்னு கேப்பேன். இல்லைம்பாக. சரின்னுட்டு கம்பு இடிக்கப் போயிருவேன்."

குரு சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். கை நிறையச் சருகு வந்தது.

"வேப்பிலை," என்றார் தெய்வநாயகம். "வண்டு வராம இருக்கப் போடுறது."

"அதுக்காகப் போடலை அய்யா."

"பின்னே?"

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வைகாசியில பதினாலு நாள் அது. வீட்டுல ஒரு மணி தானியம் இல்ல. பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுல சோறு வாங்கிக் குடுத்தேன். வாங்குன சோத்தைச் சாமி பானையில போட முடியுமா? வெறுங்கையை உள்ள விடவும் மனசு வரலை. வாசல்ல வேப்பமரம் நிக்குது. குளிச்சுக் கும்பிட்டு, ஒரு பிடி உருவிப் போட்டேன். பதினாலு நாளும் போட்டேன்."

தெய்வநாயகம் அந்தச் சருகைக் கையில் வாங்கினார். அன்று காலையில் கழுத்து வரை நிறைந்த ஏழு பானைகளில் வண்டு ஓடியதைப் பார்த்து, புடைத்து எடுக்கச் சொல்லியிருந்தார். இந்தப் பானையில் ஒரு வண்டுகூட இல்லை.

"விட்டுரலாம்னு ஒரு நாள்கூடத் தோணலையாம்மா?" என்று குரு கேட்டார்.

"தோணாம என்ன சாமி? நாலஞ்சு நாள் தோணிச்சு. அன்னிக்கெல்லாம் ரெண்டு பிடி போட்டேன்."

"எந்த நம்பிக்கையில?"

"நடக்க வையின்னு சாமிகிட்டச் சொல்லியாச்சு. அது சாமி வேலை. உலை வைக்கிறதும் கால் நீவி விடுறதும் என் வேலை. அவர் வேலையை அவர் பார்க்காரான்னு நான் எட்டி எட்டிப் பார்க்கலை."

குரு சிரித்துவிட்டார். மறுபடி பானைக்குள் கையை விட்டார்.

"பொன்னி," என்றார் தெய்வநாயகம். குரல் இறங்கியிருந்தது. "நல்ல அரிசி."

"அவுக மரத்துல ஏறிக்கிட்டிருந்த காலம்."

அடியில் ஒரே ஒரு பிடி மிஞ்சியிருந்தது. குரு அதை எடுத்தார். மஞ்சள் அரிசி. போன குருபூசைக்கு அவரே போட்டது. நிறம்கூட மங்கவில்லை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாயின் ஓரத்தில் வைத்தார்.

வாசலில் சலசலப்பு கேட்டது. ஒரு கையில் ஊன்றுகோல், மறு தோளில் மூத்த மகள் பேச்சியின் கை. வெயிலுமுத்து படியேறிக்கொண்டிருந்தான். மூன்று படி. முதல் படியில் நின்று மூச்சு வாங்கினான். இரண்டாவது படியில் மகளின் கையை விலக்கினான். மூன்றாவது படியைத் தனியாக ஏறினான். முற்றத்தில் இருந்த சனம் முழுக்க எழுந்து நின்றது. உலகம்மாள் மட்டும் எழவில்லை.

"அரிசி போட்டாச்சா?" என்று அங்கிருந்தே கேட்டான் வெயிலுமுத்து.

உலகம்மாள் தெய்வநாயகத்தைப் பார்த்தாள்.

தெய்வநாயகம் குருவைப் பார்க்கவில்லை. "இந்தா, இப்பப் போடப் போறோம். நீங்க வரணும்னுதான் காத்திருக்கோம்," என்றார்.

குரு கேட்டார். "அண்ணாச்சி, ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாதுன்னீங்களே?"

"கஞ்சியா வச்சிரலாம் சாமி. கம்பை மட்டும் இடிக்கணும். உரல் எங்க இருக்கு?"

கம்பை அவரே வாரிக்கொண்டு போனார். இளவட்டங்கள் உலக்கையைக் கேட்டும் கொடுக்கவில்லை. ஆலையில் முப்பது வருஷம் அரிசியைப் பார்த்தவர், அதுவரை ஒரு நாளும் உலக்கையைப் பிடித்ததில்லை. வேர்த்து விறுவிறுத்து, உள்ளங்கை கொப்பளித்து, இடித்துப் புடைத்த கம்போடு வந்தார். நொய்யும், புழுங்கலும், பொன்னியும், கைக்குத்தலும் அந்தக் கம்போடு ஒரே பானையில் மறுபடி சேர்ந்தன. மஞ்சள் அரிசியை மேலே தூவினார்கள்.

உலகம்மாள் பானையைத் தூக்கினாள். வெயிலுமுத்து ஊன்றுகோலைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டுப் பானையின் மறுபக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேருமாகக் கொதிக்கும் உலையில் சாய்த்தார்கள். அந்த மடத்தில் அப்படி ஒரு குலவையை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. ஊர்ப் பானைகளெல்லாம் அதன் பின்னால் விழுந்தன. அந்த வருஷம் குருபூசைக்குப் பொங்கல் இல்லை, கஞ்சிதான். மூன்றாவது முறையும் வாங்கிக் குடித்தவர்கள் இருக்கிறார்கள்.

சாயங்காலம் பானைகளைக் கழுவித் திரும்பக் கொடுத்தார்கள். வரிசையாக வந்த பெண்களின் பானைகளில் குரு மஞ்சள் அரிசி போட்டார். உலகம்மாள் தன் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனோடு மெதுவாக நடந்து போனாள். நாளைக் காலை உலைக்கு என்ன செய்வது என்று மகளிடம் பேசிக்கொண்டே போனாள்.

வரிசையின் கடைசியில் தெய்வநாயகம் நின்றார். கொப்பளித்த கையில் ஒரு காலிப் பானை.

"எனக்கும் ஒரு பிடி போடுங்க சாமி."

குரு போட்டார்.

"காலையில ஒரு கேள்வி கேட்டீங்க அண்ணாச்சி."

"அது முடிஞ்சு போச்சு சாமி. இப்ப வேற ஒண்ணுதான் இருக்கு."

"சொல்லுங்க."

"எனக்கு மறுபடி காய்ச்சல் வருமே. அன்னிக்கு நான் என்ன செய்ய?"

குரு அடுப்புச் சாம்பலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நம்ம மடத்து வாசல்லயும் ஒரு வேப்பமரம் நிக்குது, பார்த்தீங்களா அண்ணாச்சி?"