எலி தொடாத பொடி

சாத்தனேரி ஜமீனில் கூத்து வேஷக்காரர்களுக்கு முகம் எழுதுகிறவள் செங்கமலம். வியாபாரி திருவேங்கடம் கொண்டுவந்த மஞ்சள் கல்பொடியைத்தான் இனி எல்லோரும் பூச வேண்டும், மறுத்தால் கூத்தே கிடையாது என்றார் ஜமீன்தார். அன்று தாமும் முகத்தில் பூசிக்கொண்டு தகதகவென்று உட்கார்ந்திருந்தார்.

முந்தின நாள் அதைப் பூசிய இரண்டு வேஷக்காரர்களுக்கு முகம் வெந்து கிடந்தது. அதைச் சொன்னால் எடுபடாது என்று செங்கமலத்துக்குத் தெரியும்.

“பூசுறோம் சாமி. ஆனா என் அரிசிமாவுப் பொடியையே எலி தின்னு தீர்க்குது. இதை எப்படிப் பத்திரமா வைக்கிறது?”

திருவேங்கடம் மார்தட்டினார். “எலியா? இந்த மூட்டையைக் கடிச்ச எலி ஒண்ணாவது உசுரோட திரும்பியிருக்கா, என் கிடங்குல கேட்டுப் பாரு!”

ஜமீன்தார் மெல்லக் கன்னத்தைத் தொட்டார்.

“தண்ணி! தண்ணி கொண்டாங்கடா!”

செங்கமலம் சொம்பை நீட்டினாள். வரும்போதே கொண்டுவந்திருந்தாள்.