பழங்கல்படி

"சாமி, நமக்குச் சரித்திரமே கிடையாதாம்" என்றார் தில்லைநாயகம் பிள்ளை.

"யார் சொன்னா?" என்றார் தம்பிரான்.

"எங்க ஆபீஸ் துரை சொன்னார். நான்தான் தமிழ்லே எடுத்துச் சொன்னேன்."

பிள்ளை பாலம் கட்டுகிற இலாகாவில் ஓவர்சியர். வயது ஐம்பத்து மூன்று. திருமணற்காட்டு மடத்துத் தம்பிரானுக்கு முப்பதுகூட இருக்காது. வயதைப் பார்த்தா கும்பிடுகிறோம்? புது வேட்டி மண்ணாவதைக்கூடப் பார்க்காமல் பிள்ளை விழுந்து கும்பிட்டிருந்தார்.

"ஊரையே கூட்டி வச்சுச் சொன்னார் சாமி. கிரேக்கன் எழுதி வச்சான், ரோமன் எழுதி வச்சான், சீனன் எழுதி வச்சான். உங்க ஆளுங்க கதை கட்டினதோட சரி, நடந்ததை எழுதி வைக்கவே இல்லேன்னார். அதை என் வாயாலே ஜனங்களுக்குச் சொன்னேன். ஒருத்தன் வாயைத் திறக்கலே."

"நீங்க திறந்தீங்களா?"

"என்னத்தைச் சொல்றது? எடுத்துக் காட்ட எங்கிட்ட என்ன இருக்கு?"

அதுதான் அவருக்கு உறுத்தல். இங்கிலாந்து ராஜாக்களைச் சொல்லச் சொன்னால் வருஷத்தோடு மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். மடத்துக்குப் பின்னால் பாழாய்க் கிடக்கும் கோயிலைக் கட்டியது யாரென்று கேட்டால் "யாரோ ஒரு சோழன்" என்பார். அதுவும் கேள்விப்பட்டதுதான்.

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இது வேறே இருக்கு சாமி."

பாலத்துக்குக் கல் வேண்டும். மலை இருபது மைல் தள்ளி இருக்கிறது. பாழ்கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. 'இந்தச் சுவரில் பாதுகாக்கத் தக்கது எதுவும் இல்லை' என்று ஓவர்சியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், காலையில் வண்டிகள் வந்து ஏற்ற ஆரம்பித்துவிடும்.

"போடலேன்னா?"

"வேலை போயிடும். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டே வருஷம்."

"போட்டா?"

பிள்ளை காகிதத்தை மடித்து மறுபடி மடியில் செருகினார்.

தம்பிரான் எழுந்து திருநீற்றுக் கொப்பரையைக் கையில் எடுத்தார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் தம்பிரானைக் காணோம். கொப்பரையோடு முள்ளை விலக்கிக்கொண்டு பாழ்கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

தம்பிரான் கை நிறையத் திருநீற்றை அள்ளிச் சுவரில் பூசினார். இன்னொரு கை அள்ளினார். மேலும் பூசினார். பிள்ளைக்குச் சுருக்கென்றது. மனுஷன் நெற்றியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், கல்லுக்குப் பூசுகிறாரே.

தம்பிரான் உள்ளங்கையால் சுவரை ஒருதரம் துடைத்தார். மேலே இருந்த நீறு உதிர்ந்தது. பள்ளத்தில் இருந்தது தங்கிவிட்டது. கறுத்த கல்லில் வரிவரியாக வெள்ளை எழுத்து.

"படிங்க."

"இதை ஏதோ கொத்தன் உளிபட்ட தழும்புன்னுல்ல நினைச்சேன்!"

"படிங்க."

புள்ளி கிடையாது. கொம்பும் காலும் வேறு மாதிரி. பிள்ளை மூக்கு கல்லில் இடிக்கக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

"இ... து... வும்... ஒ... ரு... ப... ழ... பழங்... பழங்கல் படி! சாமி, 'இதுவும் ஒரு பழங்கல் படி'! பழைய கல்லாலே செஞ்ச படிக்கட்டு!"

உடனே இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவினார். படிக்கட்டைத் தேடினார். சுவரடியில் இல்லை. வாசலில் இல்லை. கோயிலைச் சுற்றி ஓடி வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"படியைக் காணோமே சாமி. இடிஞ்சு போயிருக்கும்."

"உங்க ஆபீசுக்கு ஒரு கடுதாசி வந்தா, அதைப் பார்த்து இன்னொண்ணு எழுதி வச்சுக்கிறீங்களே, அதுக்கு என்ன பேரு?"

"நகல்."

"தமிழ்லே?"

பிள்ளை சுவரைத் திரும்பிப் பார்த்தார். நாடா கையிலிருந்து நழுவியது.

"படி" என்றார். "படியெடுக்கிறது. முப்பது வருஷமா அதைத்தானே சாமி செய்யறேன்!"

அப்புறம் யாரும் அவரைப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானே நீற்றை அள்ளிப் பூசிப் பூசிப் படித்தார். மடைப்பள்ளியில் சோறாக்கும் சாத்தி என்பவள் வைத்த விளக்கு ஒன்று. அதற்கு நெய் வார்க்க விட்ட ஆடு தொண்ணூறு. சாவா மூவாப் பேராடு. சந்திரனும் சூரியனும் உள்ளமட்டும் எரியக் கடவது.

"அதென்ன சாமி, சாகாத ஆடு, கிழமாகாத ஆடு?"

"ஒண்ணு செத்தா அதோட குட்டி அந்த இடத்துக்கு வந்துடும். மந்தை சாகிறதில்லே."

பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார்.

"பல்லவ ராஜாவோட வருஷம்னு போட்டிருக்கு. கோயில் சோழன் கட்டினதுன்னு சொல்றாங்களே."

"ஆமா. பல்லவனை ஜெயிச்சு, பழைய கோயிலைப் பிரிச்சு, புதுசாக் கட்டினான்."

"பிரிக்கிறதுக்கு முந்தி, பழைய கல்லிலே இருந்ததைப் படியெடுத்து வச்சிருக்கான்" என்றார் பிள்ளை மெதுவாக. "தோத்தவன் காலத்து எழுத்து. அதுவும் ஒரு சமையற்காரி வச்ச விளக்கு. ஜெயிச்சு வந்தவனுக்கு என்ன தலையெழுத்து..."

அழுதார். அவமானத்தில் வந்த அழுகை இல்லை அது. இத்தனை பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வந்த அழுகை.

தம்பிரான் கொப்பரையை அவரிடமே விட்டுவிட்டு மடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பதினாறு வண்டிகள் வந்தன. துரை குதிரையில் வந்தார்.

"கையெழுத்துப் போட்டாயிற்றா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

பிள்ளை காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. துரையின் முகம் சிவந்தது.

"பின்பக்கம் பார்க்க வேணும்" என்றார் பிள்ளை.

பின்பக்கம் சுவரில் இருந்தது முழுவதும் இருந்தது. தமிழில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம், ஜெயித்து வந்த சோழன் பல்லவன் காலத்து எழுத்தைப் படியெடுத்து வைத்தது என்ற குறிப்போடு. அதற்கடியில் அவருடைய அழகான ஆபீஸ் எழுத்தில், 'அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரி.' அதற்குக் கீழே கையெழுத்து.

"என்ன இது?"

"ரிக்கார்டு, துரையவர்களே. ரிக்கார்டை அழிக்கும் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது."

"உன் வேலை என்னாகும் தெரியுமா?"

"தெரியும்."



துரை இங்கிலீஷ்ப் பக்கத்தைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். குதிரையை விட்டு இறங்கிச் சுவரண்டை போய் எழுத்தின்மேல் விரலை வைத்து, ஒரு வரியின் கடைசிவரை நடந்தார். மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மலைக்கே ஓட்டச் சொல்" என்றார் துரை. "இருபது மைல்தானே."

பிள்ளை சொன்னார். வண்டிகள் திரும்பின.

குதிரையில் ஏறப் போன துரை நின்றார்.

"ஜெயித்து வந்தவன் இதை எழுதி வைத்தான் என்கிறாயே. அந்த ராஜாவின் பெயர் என்ன?"

"அவன் பெயரைப் போடவில்லை, துரையவர்களே" என்றார் பிள்ளை. "சமையற்காரியின் பெயரைத்தான் போட்டிருக்கிறான்."