தகட்டுக்கு வச்ச சந்தனம்

"ஒரு ஊர்ல ஒரு தண்ணி மோட்டார் இருந்துச்சாம். கரண்ட் இருந்தா ஓடும், இல்லாட்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும். ம் சொல்லுடி."

"ம்."

"மோட்டார் கொட்டகை அம்மன் கோயிலுக்கு நேரெதிர்ல. மேல சோலார் தகடு போடலாம்னா, 'சாமி கண்ணு முன்னாடி கருப்பா? ஆகாது'ன்னு ஊரே ஒத்தக்கால்ல நின்னுச்சு. அப்போ டவுன்ல இருந்து நிறைமதின்னு ஒரு பொண்ணு வந்தா. சோலார்தான் அவ படிப்பு. 'கலர்ல செஞ்சு தரேன், கரண்ட்டும் குறையாது'ன்னா.

அப்புறம் செவப்புத் தகடு கொண்டாந்தா. டுர்ர்... டுப்! நின்னுடுச்சு. அப்புறம் மஞ்சள். டுர்... டுப்! அது இன்னும் மோசம். ஆறு மாசம் கழிச்சு மயில்கழுத்துப் பச்சையில ஒண்ணு கொண்டாந்தா பாரு! பச்சை வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் திருப்பி விட்டுட்டு, மிச்சத்தை முழுங்கிடுமாம். டுர்ர்ர்ர்னு மோட்டார் புடிச்சு, தொட்டியில தண்ணி சொளசொளன்னு கொட்டுது! கேக்குறியா?"

"ம்."

"அவளை அனுப்பின ஆபீசருங்க வந்து பாக்கணும். மோட்டார் ஓடினா நூறு ஊருக்கு அவ தகடுதான். ஓடலைன்னா அவ வேலையே போச்சு. அடுத்த வாரம் வர்றோம்னாங்க. அதை நம்பி அவ ஆயுத பூஜைக்கு வீட்டுக்குப் போனா.

கொட்டகையைப் பாத்துக்க ஒரு அம்மா இருந்தா. அந்தப் பொண்ணு மேல அவளுக்கு உசுரு. பூஜைக்கு அருவாமணையில இருந்து சைக்கிள் வரைக்கும் பொட்டு வைப்போம்ல? தகடு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு ஏணி வச்சு ஏறினா. சந்தனத்தை அள்ளி, தகடு தகடா தோசை கணக்கா அப்பி, நடுவுல குங்குமம். ஊரே கும்பிட்டுச்சு.

அடுத்த வாரம்னவங்க மறுநாளே வந்து நின்னாங்க. டுர்... டுப். திரும்பப் போட்டா, டுப். மூணாவது தடவை சத்தமே இல்ல. நிறைமதி போன்ல பதறுறா. 'அத்தை, தகட்டை ஏதாச்சும் மறைக்குதா? எலை, அழுக்கு, ஏதாச்சும்?' 'ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருக்கு'ன்னு சொன்னேன்."

"நீயா பெரியம்மா?"

"நான்தான்டி. சந்தனத்தை அழுக்குன்னு எப்படிச் சொல்லுவேன்? ஏணியில ஏறிக்கூடப் பாக்காம, அலங்காரம் நல்லாருக்கு, கரண்ட்தான் வரலைன்னு சிரிச்சுட்டு அவங்க கார்ல ஏறிட்டாங்க. அவ வேலை போச்சு. வெக்கத்துல இந்தப் பக்கமே வரல.

அப்புறம் நாலாம் நாள் மழை. சோன்னு ஊத்தி, சந்தனமெல்லாம் வழிஞ்சு போச்சு. வெயில் வந்ததும் டுர்ர்ர்ர்னு மோட்டார்! மறைச்சது என் சந்தனம்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது. அப்பவே போன் பண்ணியிருக்கணும். ஊர் என்ன பேசுமோன்னு பயம்டி. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒரு வருஷம் ஓடிடுச்சு."

"அப்புறம் சொன்னியா?"

"சொன்னேன். கேட்டதும், 'அப்ப அது ஓடுச்சா அத்தை?'ன்னா. 'ஓடுச்சும்மா, நல்லா ஓடுச்சு'ன்னேன். 'நான்தான் தப்பா செஞ்சுட்டேன்னு, எழுதின நோட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேனே'ன்னு கேவிக் கேவி அழுதா. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்."

"ம்..."

"கதை அவ்வளவுதான்டி, கண்ணை மூடு. நீயாவது தூங்கு."