சிவப்பு சுவிட்ச்

ரேஸ் காரில் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருக்கும். தீப்பிடித்தால் அதை இழுக்கணும். கரன்ட் அறுந்து என்ஜின் நின்றுவிடும்.

முதலாளி பொன்னுரங்கத்துக்கு அது ஆகவே ஆகாது. "பாதி ஓட்டத்துல குலுங்கி அணைஞ்சுதுன்னா கப்பு போச்சு! செக்கிங் வர்றவன் இழுத்தா விளக்கு மட்டும் அணையட்டும். என்ஜின் நிக்கப்படாது. அப்படி மாட்டுடா மாரப்பா!"

போன வருஷம் வயர்மேன் மாரப்பன் அப்படித்தான் மாட்டினான். அந்தக் காரோடு டிரைவர் கதிரேசன் எரிந்துபோனான். அன்றிலிருந்து மாரப்பனுக்குச் சோறு இறங்குவதில்லை.

இந்தத் தடவை பந்தயத்துக்குப் போகிற ரெண்டு காருக்கும் வயரிங்கை முடித்துவிட்டு, பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் கைகட்டிக் கேட்டான்.

"ஒண்ணுல நெசம், ஒண்ணுல பொய்யுங்க. உங்க பையன், சின்னவரு, எதை ஓட்டட்டும்?"

"எம் பையனுக்கு நெசம்டா, மடையா!"

வாய் முந்திவிட்டது. பட்டறையே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"நல்லதாப் போச்சுங்க. ரெண்டுலயும் நெசத்தைத்தான் மாட்டியிருக்கேன்."

அந்த நிமிஷமே மாரப்பனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவன் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். மத்தியானத்துக்குள் புது வயர்மேன் வந்துவிட்டான். வயர் வெட்டுகிற குறடைக் கையில் எடுத்தவன் முதலாளியிடம் கேட்டது மாரப்பன் காதில் விழுந்தது.

"இதுல சின்னவரு காரு எதுங்க?"