உருட்ட ஆளில்லாத குடுக்கை

மாந்தோப்பில் ஓர் அணில் வடுமாங்காய்க்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வடுவாக எடுத்து, காம்பு உடையாமல் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டித் தடவியது. பிறகு காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் போட்டது. மேலே கல்லுப்பு. தென்னங்கன்றுக்குத் தோப்புக்காரர் வைத்த உப்பில் சிந்திக் கிடந்ததை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

குடுக்கை நிறைந்தது. தேங்காய் நாரைத் திணித்து வாயை அடைத்தது.

"அம்மா, இதை எப்போ திங்கலாம்?" என்று கேட்டது மூத்த பிள்ளை.

"அடைமழைக்கு. அப்போ வெளியே தலை காட்ட முடியாது. இதுதான் நமக்குச் சாப்பாடு."

பிள்ளைகளின் அப்பா அணில் ஆற்றுக்கு அக்கரையில் கடலைக்காட்டுக்குப் போயிருந்தது. மழை விட்ட பிறகுதான் திரும்பும். அணில் பிள்ளைகளோடு இந்தத் தோப்புக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. யாரோடும் பழக்கமில்லை.

வடுவைப் போட்டு வைத்தால் மட்டும் போதாது. தினமும் குடுக்கையை உருட்ட வேண்டும். அப்போதுதான் உப்புத் தண்ணீர் மேலே இருக்கும் வடுவிலும் படும். இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். நிறைந்த குடுக்கையை ஓர் அணிலால் அசைக்க முடியுமா? அதற்குத்தான் அக்கம்பக்கம்.

அணில் பிறந்த தோப்பில் குடுக்கை அடைத்த வாசனை வந்தாலே போதும். யாரும் கூப்பிட வேண்டாம். "தள்ளு, தள்ளு!" என்று ஆள் வந்துவிடும். கூப்பிடுவதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

அதனால் அணில் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தது.

யாரும் வரவில்லை.

மறுநாளும் காத்திருந்தது. அடுத்த மரத்தடியில் முயல் தன் குடுக்கையைத் தள்ளியது. மைனா அதன் மேல் உட்கார்ந்து அதிகாரம் செய்தது.

"ஏறி உட்கார்ந்துக்கிட்டு என்னடி வேலை சொல்றே? இறங்கித் தள்ளு!"

"நான் இறங்கிட்டா உனக்கு வழி சொல்றது யாரு, அக்கா?"

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தச் சிரிப்பு அணிலின் நெஞ்சில் போய்த் தைத்தது. 'நான் இவங்களுக்கு வேண்டாதவ போல' என்று நினைத்து இலைக்குள் ஒதுங்கிக்கொண்டது.

ஒருநாள் மைனா எதிரே வந்தது. "என்ன தங்கச்சி, குடுக்கை அடைச்சாச்சா?"

"ஆச்சு."

"உருட்டுறியா?"

'வாங்களேன்' என்ற சொல் தொண்டை வரை வந்தது. "ம்..." என்று மட்டும் சொல்லிவிட்டு அணில் உள்ளே ஓடிவிட்டது.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திரும்போல!" என்று முணுமுணுத்தபடி பறந்தது மைனா.

நாட்கள் போயின. ஒரு காலையில் நாரை எடுத்துப் பார்த்த அணிலுக்குத் திக்கென்றது. மேல் வடுவெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. பிள்ளைகளுக்கு மழையில் எதைக் கொடுப்பது?

அவசர அவசரமாக நாரைத் திணித்தது. குடுக்கை உருளாமல் முட்டுக்கொடுத்திருந்த கல்லைத் தள்ளியது. முதுகைக் கொடுத்து ஒரே முட்டாக முட்டியது. குடுக்கை அசைந்தது. உருண்டது. நிற்கவேயில்லை! சரிவில் இறங்கிக் குளத்தைப் பார்த்து ஓடியது.

"ஐயையோ, பிடிங்க! யாராவது பிடிங்களேன்!"

தோப்பே அதிர்ந்தது. ஒரே தாவலில் வந்த முயல் குறுக்கே படுத்துக் குடுக்கையை நிறுத்தியது. மைனா பறந்து வந்தது.

"அடியே, இந்தக் குரலை இத்தனை நாளா எங்கே வெச்சிருந்தே?"

அணில் அழுதுவிட்டது. "நீங்களா வருவீங்கன்னுதான் இருந்தேன், அக்கா. எங்க பக்கம் கூப்பிட மாட்டோம்."

முயல் வாயைப் பிளந்தது. "இங்கே கூப்பிடாம போனா, ருசி பார்க்க வந்துட்டாள்னு பேசுவாங்க தங்கச்சி! நீ கூப்பிடுவேன்னு நான் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்!"

மூன்றும் சேர்ந்து குடுக்கையைக் கொட்டின. பாதி வீணாகியிருந்தது. அதை மண்ணில் புதைத்தன. மீதியைத் துடைத்து, காயவைத்த குடுக்கையில் புது உப்போடு போட்டன. குறைந்ததை ஈடுகட்ட முயல் தன் வீட்டு மாங்காய் வற்றலில் ஒரு பங்கு கொண்டுவந்து வைத்தது.

"உங்க பக்கம் வேற என்னவெல்லாம் அதிசயம்? சொல்லேன்!" என்றது மைனா.

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. யாரும் அதனிடம் இப்படிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. "எங்க தோப்புல, அக்கா, வடு ஊறின அன்னிக்கு நாங்க எல்லாரும் ஒண்ணா..."

"அம்மா! தம்பி கிளையில மாட்டிக்கிட்டான்!"

"நாளைக்கு உருட்ட வாங்க, மீதியைச் சொல்றேன்!" என்று கூவிக்கொண்டே அணில் ஓடியது.

மனசுக்குள் எவ்வளவு ஏங்கினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. உதவி வேண்டுமென்றால் கூச்சத்தை விட்டு வாய் திறந்து கேட்க வேண்டும்.