தடத்தை எண்ணிய காடு

அல்லிக்குளத்தின் கரையில் செம்பி என்றொரு புள்ளிமான் இருந்தது. அதற்கு ஒரு குட்டி. பெயர் பொட்டு. இன்னும் பால்குடி மறக்காத குட்டி.

செம்பிக்கு அது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டையும் புலி ராஜா தின்றுவிட்டது. ராஜாவிடம் போய் நியாயம் கேட்க முடியுமா? அதனால் செம்பி, பொட்டுவைப் புதர் புதராக மாற்றி ஒளித்து வளர்த்தது. இந்த ஒன்றாவது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நினைப்பே இல்லை.

அது ஒன்றும் செழிப்பான காடு அல்ல. மழை பெய்தால் புல், பெய்யாவிட்டால் சருகு. ஆனால் குளத்தில் தண்ணீர் இருந்தது. தாகம் எடுத்தவர்கள் இறங்கிக் குடித்தார்கள். தண்ணீருக்கு விலை என்று ஒன்று உண்டு என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் நாரை திரும்பி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பல காலம் இருந்து, நிறையத் தெரிந்துகொண்டு வந்த நாரை. அது நேராக ராஜாவின் குகைக்குப் போனது.

"அரசே, நம் காடு பின்தங்கிக் கிடக்கிறது."

"எதுக்குப் பின்னாடி?" என்று கேட்டது புலி.

"மற்ற காடுகளுக்குப் பின்னால். இங்கே எல்லோரும் குளத்தில் குடிக்கிறார்கள், நிழலில் படுக்கிறார்கள். தொழில் என்று ஏதாவது உண்டா?"

புலி கொட்டாவி விட்டது. "எனக்கு வேட்டைதான் தொழில். அதுவும் இப்ப ஓட முடியல. மூட்டெல்லாம் வலிக்குது."

"இனி ஓடவே வேண்டாம்" என்றது நாரை. "மலைக்கு அந்தப் பக்கம் எருமைக் கூட்டம் இருக்கிறது. வெயில் தாங்காமல் தவிக்கிறது. படுத்துப் புரள அங்கே சேறு இல்லை. நம்மிடம் குளம் இருக்கிறது, மண் இருக்கிறது. காட்டுப்பன்றி சேறு குழைக்கட்டும். மற்றவர்கள் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பதிலுக்கு எருமைகள், தங்களில் கிழடு தட்டிய ஒன்றைத் தவறாமல் உங்கள் குகை வாசலுக்கு அனுப்பிவைக்கும்."

புலி எழுந்து உட்கார்ந்தது. மூட்டு வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காடு முழுக்க அறிவிப்பு வந்தது. சேற்றுப் பட்டறை தொடங்குகிறது, எல்லோருக்கும் வேலை உண்டு, ராஜா இனி மான் வேட்டை ஆடமாட்டார்!

கடைசிச் சொல் காதில் விழுந்ததும் செம்பி ஓடியது. பட்டறையில் முதல் ஆளாய்ப் போய் நின்றதும் செம்பிதான். தேக்கிலையில் பொதிந்த சேற்றை முதுகில் வைத்துக் கொடியால் கட்டினார்கள். செம்பி அதைச் சுமந்துகொண்டு சந்தோஷமாக மலை ஏறியது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். புலி வாக்கு மாறவில்லை. அதற்குப் பிறகு அது ஒரு மானைக்கூடத் தொடவில்லை. பொட்டு முதல் தடவையாகப் புதரைவிட்டு வெளியே வந்து வெயிலில் துள்ளியது. அதைப் பார்த்த செம்பி, நாரையைக் கும்பிடாத குறைதான்.

பட்டறைக்கு முதலாளி காட்டுப்பன்றி. அது குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டது.

"தண்ணியில நாலு பேரு இறங்கிக் கலக்கினா தொழில் எப்படி நடக்கும்?" என்றது. "ஒரு சுமை கொண்டுபோய்ச் சேத்துட்டு வாங்க. வயிறு நெறையக் குடிச்சிட்டுப் போங்க. நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

நியாயமாகத்தான் பட்டது. ஒரு சுமை என்ன பெரிய சுமை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

இதற்கிடையில் ராஜாவுக்கு ஒரு ஆசை வந்தது. காடு முன்னேறுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெயிலில் இறங்கிப் போய்ப் பார்க்க உடம்பு வளையவில்லை. நாரையைக் கேட்டது.

"அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது" என்றது நாரை. "மலைக்குப் போகும் பாதை காட்டாற்று மணலைத் தாண்டித்தான் போகிறது. அந்த மணலில் விழும் தடங்களை எண்ணினால் போதும். நடமாட்டம் அதிகமானால் காடு வளர்கிறது. குறைந்தால் தேய்கிறது."

தடம் எண்ணும் வேலை கௌதாரிக்குக் கிடைத்தது. காலையில் இறக்கையால் மணலைப் பெருக்கிவிடும். சாயங்காலம் வந்து தடங்களை எண்ணும். எண்ணியதை நாரையிடம் ஒப்பிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

குளத்தில் கிடந்த கிழட்டு ஆமை இதைக் கேள்விப்பட்டு நாரையிடம் கேட்டது. "நான் இந்தத் தண்ணிக்குள்ளயே கெடக்கேன். நடக்கிறதே இல்ல. அப்ப நான் இந்தக் காட்டுல இல்லையா?"

"காட்டில் இருக்கிறாய்" என்றது நாரை. "கணக்கில் இல்லை."

பட்டறை ஓஹோ என்று நடந்தது. எருமைகள் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்றன. பன்றி குழைத்துக்கொண்டே இருந்தது. குளத்தை யாரும் கடன் கேட்கவில்லை, திருடவில்லை. அந்தக் காட்டு விலங்குகளே, தங்கள் முதுகில் வைத்து, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தன. அது அவற்றுக்குத் தெரியவில்லை. அவை சுமந்தது சேறு என்றே நினைத்தன.

ஒரு நாள் செம்பி சுமையை இறக்கிவிட்டு வந்து வேலி வாசலில் நின்றது. பன்றி வழி விடவில்லை.

"இன்னொரு சுமை போயிட்டு வா தங்கச்சி."

"நேத்து ஒரு சுமைக்குக் குடிச்சேனே, அண்ணே."

"நேத்து இருந்த குளம் வேற. இன்னைக்கு இருக்கிற குளம் வேற. தண்ணி எறங்கிப்போச்சு, பாத்தியா? இனிமே ரெண்டு சுமைக்குத்தான் ஒரு குடி."

செம்பி திரும்பவும் மலை ஏறியது. திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. பொட்டு ஓடிவந்து பாலுக்கு முட்டியது.

சில நாளில் இரண்டு சுமை மூன்றானது. முயல், முள்ளம்பன்றி, மான் எல்லாம் ஒன்றுசேர்ந்து குகைக்குப் போயின.

"ராஜா, தண்ணி விலை ஏறிக்கிட்டே போகுது" என்று செம்பி சொன்னது. "நடந்து நடந்து எனக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை காயுது."

புலி நாரையைப் பார்த்தது. நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கண்ணை மூடித் திறந்தது.

"இவர்கள் சொல்வதைக் கவனித்தீர்களா, அரசே? முன்பு ஒரு சுமைக்கு நடந்த மான், இன்று மூன்று சுமைக்கு நடக்கிறது. கௌதாரி எண்ணிய தடம் மும்மடங்கு. விலை ஏற ஏறக் காடு வளர்கிறது. இவர்களுக்கு அது புரியவில்லை."

"அப்ப எங்க தாகம்?" என்று முயல் கேட்டது.

"வளரும் காட்டில் கொஞ்சம் தாகம் இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ள வேண்டும்."

நாரைக்குத் தாகம் இல்லை. தண்ணீர் இறங்க இறங்க, மீன்கள் ஓரத்துச் சேற்றில் சிக்கித் துடித்தன. குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன் கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே நடப்பதாகத் தெரிந்தது. ராஜாவுக்கும் பசி இல்லை. பசிக்காத இரண்டு பேர் சேர்ந்துதான் பசித்தவர்களுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆமைக்கு முதுகு வெளியே தெரிய ஆரம்பித்தது. இனி இங்கே இருந்தால் ஓட்டோடு வெந்துபோவோம் என்று அது காட்டைவிட்டே கிளம்பிவிட்டது. பிறந்த குளத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, காட்டாற்று மணலில் ஊர்ந்து போனது. அன்று சாயங்காலம் கௌதாரி ஒப்பித்தபோது நாரைக்கு ஒரே மகிழ்ச்சி.

"ஆமைகூட நடக்கத் தொடங்கிவிட்டது!" என்று அது ராஜாவிடம் போய்ச் சொன்னது.

கோடை முற்றியது. நான்கு சுமைக்கு ஒரு குடி. அதுவும் வயிறு நிறைய அல்ல, நாலு மடக்கு. குளம் சுருங்கி நடுவில் ஒரு குட்டையானது. சுற்றிலும் பன்றி தோண்டிக் குழைத்துப்போட்ட சேறு. மேலே காய்ந்து தரை மாதிரி தெரியும். உள்ளே ஈரமும் ஆழமும் இருந்தன.

அன்று செம்பி கிளம்பும்போது பொட்டு எழுந்து நிற்கவே சிரமப்பட்டது.

"அம்மா, தண்ணி."

"நாலு சுமைதான்டா கண்ணு. முடிச்சிட்டு வந்து குடிச்சிட்டு, உனக்குப் பால் தர்றேன். இந்தப் புதரைவிட்டு எங்கயும் போகாத."

"புலி வருமாம்மா?"

"புலி இப்ப வர்றதில்ல. நீ பயப்படாத."

செம்பி நான்கு சுமையையும் ஒரே மூச்சில் முடித்தது. வேலிக்குள் போய்த் தனக்குரிய நாலு மடக்கைக் குடித்தது. ஓட்டமாய்ப் புதருக்கு வந்தது. பொட்டு இல்லை.

நம்மைத் தேடிப் பின்னாலேயே வந்திருக்கும் என்று செம்பி நினைத்தது. வேறு என்ன நினைக்கும்? பாதையில் ஓடியது. காட்டாற்று மணலைத் தாண்டி மலையடிவாரம்வரை போய்க் கூப்பிட்டது. திரும்பி வந்து புதரில் பார்த்தது. மறுபடியும் ஓடியது. சுமையோடு வந்தவர்களை மறித்து மறித்துக் கேட்டது. "என் பொட்டுவைப் பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. நின்று பதில் சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை, அவரவர்க்கு நான்கு சுமை இருந்தது. செம்பி மணலில் போனது, வந்தது, போனது, வந்தது. பொழுது இறங்கும்வரை அதற்குக் கால் நிற்கவில்லை.

பொட்டு பாதைக்கே வரவில்லை. தண்ணீர் மினுங்குவதைப் பார்த்திருக்கிறது. யாரும் போகாத மறுகரையில் வேலிக்கு அடியில் நுழைந்து, காய்ந்த தரை என்று நினைத்துக் கால் வைத்திருக்கிறது. செம்பி கடைசியில் அங்கே வந்து பார்த்தபோது, சேற்றுக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.

அதே நேரத்தில் கௌதாரி மணலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணி மாளவில்லை. நாரையிடம் போய்ச் சொன்னது.

"இத்தனை தடம் இதுவரைக்கும் விழுந்ததே இல்லீங்க. ஆனா முக்காவாசி ஒரே குளம்பு. செம்பியோடது. அது நடந்தது எதுக்குன்னா..."

"எதற்கு என்பது கணக்கில் வராது" என்றது நாரை. "எத்தனை என்பதை மட்டும் சொல்."

கௌதாரிக்குக் குஞ்சுகள் இருந்தன. வேலையும் வேண்டியிருந்தது. எத்தனை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் குகை வாசலில் விழா. காடு என்றும் காணாத வளர்ச்சி கண்டுவிட்டது என்று நாரை அறிவித்தது. மயில்கள் ஆடின. காட்டிலேயே அதிகம் நடந்த உழைப்பாளிக்கு ராஜா கையால் பரிசு என்று செம்பியைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அதன் முகத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. உழைத்த அடையாளம் என்று சிலர் பாராட்டினார்கள்.

"உன்னாலதான் நம்ம காட்டுக்குப் பெருமை" என்றது புலி.

செம்பி நிமிர்ந்து பார்த்தது. "நான் சுமை தூக்கிக்கிட்டு நடக்கல, ராஜா. பிள்ளையத் தேடி நடந்தேன். பட்டறைச் சேத்துல கிடைச்சான்."

மயில்கள் ஆட்டத்தை நிறுத்தின.  ராஜா நாரையின் பக்கம் திரும்பியது.

"தேடுவதும் நடைதான், அரசே" என்றது நாரை.

ராஜா தலையாட்டியது. மயில்கள் மறுபடி ஆடத் தொடங்கின.

பரிசு என்ன தெரியுமா? சுமை இல்லாமலே ஒரு நாள் முழுக்கத் தண்ணீர். பன்றியே வேலியைத் திறந்துவிட்டது. "குடி தங்கச்சி, வயிறு நெறையக் குடி" என்றது.

செம்பி குடிக்கக் கூடாது என்றுதான் நினைத்தது. ஆனால் தாகம் யார் பேச்சையும் கேட்பதில்லை. செம்பி குனிந்து குடித்தது. கண்ணீர் விட்டுக்கொண்டே, வயிறு நிறையும் மட்டும் குடித்தது.

அன்று சாயங்காலம் அதற்குப் பால் சுரந்தது. குடிக்கத்தான் பிள்ளை இல்லை.

நீதி: குடிமக்கள் எத்தனை நடை நடக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, எதற்காக நடக்கிறார்கள் என்று கேட்காத அரசு, அவர்களுடைய தவிப்பையே வளர்ச்சி என்று கொண்டாடும்.